கொள்ளைக்கார ஈக்களை இனங்காணல்

கொள்ளைக்கார ஈ என்பது அசிலிடே குடும்பத்தைச் சேர்ந்த, பிற பூச்சிகளைப் பாய்ந்து பிடித்து உண்ணும் ஈ ஆகும். உலகில் இக்குடும்பத்தில் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நிலக்கடலை வயல் வரப்புகளும், முந்திரி, சவுக்குத் தோப்புகளின் வெயில்படும் ஓரங்களும் இவற்றைத் தேட ஏற்ற இடங்கள். காய்ந்த குச்சி நுனியில் அசையாது அமர்ந்திருந்து, திடீரெனப் பாய்ந்து, இரையுடன் திரும்பி வந்தமரும் ஈ பெரும்பாலும் இதுவே.

குடும்பத்தை அறிதல்

இது எளிது. முன்னிருந்து நோக்கினால் இரு கூட்டுக்கண்களுக்கும் இடையே உச்சந்தலை பள்ளமாகத் தெரியும். முகத்தில் மீசை போன்ற மயிர்க்கற்றை உண்டு. திமிறும் இரையிடமிருந்து இது முகத்தைக் காப்பதாகக் கருதப்படுகிறது. கால்கள் முள்மயிர் நிறைந்தவை. உறுதியான உறிஞ்சுகுழலை இரையினுள் செலுத்தி, நஞ்சுள்ள உமிழ்நீரால் அதைச் செயலிழக்கச் செய்து, கரைந்த உள்ளுறுப்புகளை உறிஞ்சுகிறது. குளவி என்று பலர் இதை அஞ்சி விலகுவதுண்டு. குளவிக்கு நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டே.

பேரினமும் இனமும்

பேரினத்தை அறிய உருப்பெருக்கி தேவை. ஓமேட்டியசு பேரினத்தில் உணர்கொம்பின் நுனி இழையில் சீப்புப் பற்கள் போல் மயிர்கள் அமைந்திருக்கும். மெலிந்த உடலுடைய லெப்டோகாசிட்டரின் பாதங்களில் நகங்களுக்கு அடியில் மெத்தை இராது.

இனத்தை அறிவதே கடினம். நெருங்கிய இனங்கள் பலவற்றை ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைக் கொண்டே பிரிக்க இயலும். ஒளிப்படம் எவ்வளவு தெளிவாயினும் அவ்வுறுப்புகளின் உள்ளமைப்பைக் காட்டாது. ஜோசப், பருயி ஆகியோர் எழுதி, இந்திய விலங்கியல் ஆய்வு மையம் 1998இல் வெளியிட்ட நூலின் முதற்பகுதி இக்குடும்பத்தின் சில குழுக்களை மட்டுமே விளக்குகிறது. ஓமேட்டியசு அதில் அடங்கும்.

வேளாண்மைத் தொடர்பு

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. நிலக்கடலை வகைகள் பரவலாக அறியப்பட்டவை. நிலக்கடலையின் வேரைத் தின்னும் வெண்புழுக்கள் வண்டுகளின் குடம்பிகள். கொள்ளைக்கார ஈக்களின் குடம்பிகளும் பெரும்பாலும் மண்ணிலேயே வாழ்ந்து, இத்தகைய குடம்பிகளை உண்கின்றன. ஆனால் முதிர்ந்த ஈ தேனீயையும் விடுவதில்லை. எனவே இவற்றை உழவரின் நண்பன் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியன்று. எந்த இனம் எதை உண்கிறது என்பதைப் பொறுத்தது அது. இனப்பெயர் தெரியாத பதிவு இதற்கு உதவாது.

ஆகவே ஈயைச் சேகரிப்போர் அதன் பிடியிலிருந்த இரையையும் உடன் பாதுகாத்து, இடம், நாள், அமர்ந்திருந்த செடி ஆகியவற்றைச் சீட்டில் குறித்தல் வேண்டும்.