கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி வருஷத்தை எண்ணுங்க



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசற இடத்துல கிராபிக்ஸ் கார்டு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறீங்களா? நான் படாளத்துல உட்கார்ந்து இதை எழுதறேன். இங்கிருந்து காலைல ரயில் ஏறி பரனூர், மறைமலைநகர் பக்கம் வேலைக்குப் போற பசங்க நிறைய பேர். சம்பளம் வர ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வருஷத்துல பைக்குக்கு அடுத்த பெரிய செலவு, சொந்தமா அசெம்பிள் பண்ற கம்ப்யூட்டர்தான். அதுல பாதிக் காசை ஒரே பாகம் சாப்பிட்டுடும். அதுதான் கிராபிக்ஸ் கார்டு.

பைக் வாங்கும்போது மைலேஜ் கேக்கறோம், சர்வீஸ் செலவு கேக்கறோம், வித்தா என்ன வரும்னு கேக்கறோம். கார்டுக்கு மட்டும் "எத்தனை எஃப்பிஎஸ் வரும்?"னு ஒரே கேள்வியோட கடையை விட்டு வந்துடறோம். இந்தக் கார்டு எத்தனை வருஷம் ஓடும், விலையை அந்த வருஷத்தால வகுத்தா வருஷத்துக்கு எவ்வளவு விழுதுன்னுதான் கேக்கணும்.

ஒரு பழைய கதை சொல்றேன். 2016 ஜூலைல என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 வந்துச்சு. 6 ஜிபி மெமரி, 249 டாலர். அடுத்த மாசமே அதே பேர்ல 3 ஜிபி மெமரியோட இன்னொண்ணு, 199 டாலர். உள்ள கொஞ்சம் கோரும் கம்மிதான், ஆனா வந்த புதுசுல கேம்ல பெரிய வித்தியாசம் தெரியல. 50 டாலர், அன்னிக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். மிச்சம் பிடிச்சோம்னு 3 ஜிபி வாங்கினவங்க நிறைய. ரெண்டு மூணு வருஷத்துல புதுப் புது கேம் வர வர, டெக்ஸ்ச்சரைக் குறைச்சாத்தான் ஓடும்ங்கற நிலைமை அவங்களுக்கு. 6 ஜிபி வாங்கினவங்க அதுக்கு அப்புறமும் ரொம்ப நாள் விளையாடினாங்க. ஸ்டீம் தளத்தோட ஹார்டுவேர் கணக்கெடுப்புல 1060 பல வருஷம் முதல் இடத்துல இருந்தது சும்மா இல்ல. அந்தக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் வர்றது 2025 அக்டோபர்லதான் நின்னுச்சு. 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். ஒன்பது வருஷம்! இந்த ஊர்ல பல பேரோட பைக் அவ்வளவு நாள் ஓடல.

மெமரி ஏன் இவ்வளவு முக்கியம்? எங்க ஊர் சர்க்கரை ஆலையை நினைச்சுக்கோங்க. மெஷின் எவ்வளவு வேகமா அரைச்சாலும், யார்டுல இடம் இல்லன்னா கரும்பு லாரி வெளிய ரோட்டுல வரிசையா நிக்க வேண்டியதுதான். கார்டோட சிப் மெஷின் மாதிரி, மெமரி யார்டு மாதிரி. யார்டு நிரம்பிட்டா கேமோட டெக்ஸ்ச்சர் எல்லாம் கம்ப்யூட்டரோட சாதாரண ராம்ல போய் உட்கார்ந்துக்கும். அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் வந்து சேர நேரம் ஆகும். திரை திக்கித் திக்கி நிக்கறது அதனாலதான். மெஷின் வேகத்தை செட்டிங்ஸைக் குறைச்சு சமாளிக்கலாம், டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டும் சமாளிக்கலாம். யார்டை மட்டும் அப்புறமா பெருசாக்க முடியாது, மெமரி கார்டோடயே ஒட்டின விஷயம்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுமே 2020 நவம்பர்ல 16 ஜிபி மெமரியோட வந்துச்சு. கேம் கம்பெனிகள் அதை மனசுல வச்சு செய்ய ஆரம்பிச்சதும் 8 ஜிபி கார்டுகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. 2023 மார்ச்ல 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கம்ப்யூட்டருக்கு வந்தப்போ, 499 டாலர் ஆர்டிஎக்ஸ் 3070-யே 8 ஜிபியால தடுமாறினதைப் பார்த்தோம். அந்தக் கார்டுக்கு அப்போ மூணு வயசுகூட ஆகல.

வேகம் மட்டும் போதாதுன்னு காட்ட இன்னொரு ஜோடி இருக்கு. 2019 ஜூலைல ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, என்விடியா ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் ரெண்டும் 399 டாலருக்கு வந்துச்சு, ரெண்டுலயும் 8 ஜிபி. வேகத்துல ஏஎம்டிதான் மேல, ஆனா அதுல ரே டிரேசிங் ஹார்டுவேர் கிடையாது. அன்னிக்கு எல்லாரும் "அது யாருக்கு வேணும்"னு சொன்னாங்க, நியாயமான பேச்சுதான். 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் அந்த ஹார்டுவேர் இல்லாம விண்டோஸ்ல ஓடாது. 2025 மே மாசம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் கேமும் அப்படித்தான். மெதுவான கார்டு வச்சிருந்தவர் விளையாடறார், வேகமான கார்டு வச்சிருந்தவர் வேடிக்கை பார்க்கறார்.

இப்போ கணக்கு போடலாம்

விலை வாரா வாரம் மாறும், அதனால முழு எண்ணா வச்சுக்கறேன். டாலர் விலையை இன்னிக்கு ரேட்டால பெருக்கி, 18% ஜிஎஸ்டி சேர்த்து, மேல கொஞ்சம் மார்ஜின் போட்டா கடை விலை கிட்டத்தட்ட வந்துடும்.

32,000 ரூபாய்க்கு 8 ஜிபி கார்டு, நாலு வருஷம் ஓடும்னு வைங்க. வருஷத்துக்கு 8,000. 40,000 ரூபாய்க்கு 16 ஜிபி கார்டு, ஆறு வருஷம் ஓடினா வருஷத்துக்கு சுமார் 6,700. விலை ஜாஸ்தியான கார்டுதான் இங்க சீப்.

"அப்போ இன்னும் மேல போய் 80,000 கார்டே வாங்கிடலாமே ப்ரோ?" ஏழு வருஷம் ஓடினாக்கூட வருஷத்துக்கு 11,400 தாண்டுது. 40,000 கார்டு வாங்கிட்டு மீதி 40,000-ஐ 6.5% வட்டி டெபாசிட்ல போட்டா, நாலு வருஷத்துல வரி போக முன்னாடி சுமார் 51,000. அதுல அன்னிக்கு வர்ற புது நடுத்தரக் கார்டு வாங்கலாம், பழசை வித்த காசும் கையில. 2018-ல 999 டாலர்ல ஆரம்பிச்ச ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ வேகத்தை, 2020-ல 499 டாலர் 3070 கிட்டத்தட்ட பிடிச்சுடுச்சு. எல்லா தலைமுறையிலும் இப்படி நடக்காது, உண்மைதான். 3060-ல இருந்து 4060, 5060-னு வந்தப்போ முன்னேற்றம் சுமார்தான், மெமரி 12-ல இருந்து 8 ஜிபியா இறங்கிடுச்சு. அதுக்காக உச்சத்துல இருக்கற கார்டு லாபம்னு ஆகிடாது.

என் பார்வையில 1080பி, 1440பி மானிட்டர் வச்சு பெரிய கதை கேம் விளையாடறவங்களுக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 2025 ஜூன்ல 349 டாலருக்கு வந்தது. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ வேலையும் கூட இருந்தா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 429 டாலர். ரெண்டுலயுமே அதே பேர்ல 8 ஜிபி வகையும் இருக்கு, பெட்டியில அந்த ஒரு எண்ணைத்தான் முதல்ல படிக்கணும். பட்ஜெட் இன்னும் கம்மின்னா 12 ஜிபி இன்டெல் ஆர்க் பி580. ஆனா அதுக்கு மதர்போர்டுல ரீசைசபிள் பார் வசதி வேணும், பழைய ப்ராசசரோட போட்டா வேகம் அடிவாங்கும்.

வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் விளையாடுவேன்னா இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். 8 ஜிபி பழைய கார்டே போதும், மிச்சக் காசை எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க.

"விலை குறையட்டும், காத்திருக்கேன்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 கடைசியில இருந்து மெமரி சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்குப் போகுது, ராம் விலை எகிறிடுச்சு. மைக்ரான் தன்னோட குரூஷியல் பிராண்டையே மூடறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. நிறைய மெமரி இருக்கற கார்டுதான் இந்த மாதிரி நேரத்துல முதல்ல விலை ஏறும். தேவை இருக்கு, காசும் இருக்குன்னா காத்திருக்கறதுல பெரிய பலன் இல்ல.

காசு இல்லன்னா? நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கறது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்த அளவுக்குக் கடைக்காரர் விலையில தள்ளுபடி காட்டுவார். வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க தலையில. 40,000 ரூபாய், 12 மாசம், 15% வட்டின்னா ஜிஎஸ்டி மட்டும் சுமார் 550. பிராசசிங் கட்டணமும் சேர்ந்தா கிட்டத்தட்ட 800. தாங்கக்கூடிய தொகைதான். ஆனா ஒரு மாச பில் முழுசாக் கட்டத் தவறினா கிரெடிட் கார்டு வட்டி மாசத்துக்கு 3% தாண்டும், அப்புறம் மேல போட்ட கணக்கெல்லாம் குப்பை.

நம்ம ஊர் வெயிலும் கரண்ட்டும்

கரண்ட் பில் பயம் வேண்டாம். முழு கம்ப்யூட்டரும் 300 வாட் இழுத்து, தினம் ரெண்டு மணி நேரம் விளையாடினா ரெண்டு மாசத்துக்கு 36 யூனிட். வீட்டுல ஏசி ஓடி ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தா மட்டும் கவனம், அந்தக் கோட்டைத் தாண்டினா முன்னாடி யூனிட்டுகளோட ரேட்டும் சேர்ந்து ஏறும்.

பயப்பட வேண்டியது வோல்டேஜுக்கு. ஆடி மாசக் காத்துல லைன் ஆடும்போது கரண்ட் போய்ப் போய் வரும். 40,000 கார்டை பேர் தெரியாத 1,200 ரூபாய் பவர் சப்ளைல மாட்டறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்குது. நல்ல கம்பெனி 550 - 650 வாட் யூனிட், ஒரு யுபிஎஸ், இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் கார்டோட பட்ஜெட். அக்னி நட்சத்திரத்துல ஏசி இல்லாத ரூம்ல கேபினட் சுவரோட ஒட்டி இருக்கக் கூடாது. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடலோரமா இருக்கறவங்க ஜன்னல் ஓரமும் வேண்டாம், உப்புக்காத்து ஸ்க்ரூவை முதல்ல தின்னும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? 2022 செப்டம்பர் 15-ல எத்தீரியம் மைனிங் முறையை விட்டதும் ராத்திரி பகலா ஓடின கார்டுகள் சந்தைக்குக் கொட்டுச்சு. அதுல இன்னும் சுத்திக்கிட்டு இருக்கறதும் உண்டு. ஆர்எக்ஸ் 580-னு விக்கறதுல 2048 கோர் இருந்தா அது பேருக்குத்தான் 580, உள்ள 570 தான். நிஜ 580-ல 2304. ஜிபியூ-இசட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல காட்டிடும். விக்கறவர் முன்னாடியே ஓட்டிப் பாருங்க. பாதி விலைக்கு மேல கேட்டா, வாரன்டி பாக்கி இருந்தா மட்டும் பேசுங்க.

புதுசு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறதா இருந்தா சனிக்கிழமை காலைலயே ரயில் ஏறிடுங்க. எழும்பூர்ல இறங்கினா ஆட்டோ தூரம்தான். முந்தின நாள் ஆன்லைன் விலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க, மூணு கடை ஏறுங்க. "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் கம்மி"னு ஒருத்தராவது சொல்வார். பொதுவா மூணு வருஷ வாரன்டி வர்ற பொருள், ரெண்டாயிரத்துக்கு அதை வித்துடாதீங்க. பில்லுல உங்க பேர், கார்டோட சீரியல் நம்பர், ஜிஎஸ்டி எண் மூணும் இருக்கான்னு கடையிலயே நின்னு படிச்சுட்டு, போட்டோ எடுத்து டிரைவ்ல போட்டுடுங்க. அந்தக் காகிதத்துல மை ஒரே வருஷத்துல மங்கிடும். பெட்டியை அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போடாம பரண்ல ஏத்தி வைங்க. ஆறு வருஷம் கழிச்சு விக்கும்போது அதுக்கும் ஒரு விலை இருக்கு.