ரத்தத்துல கொரோனாவைத் தேடினா என்ன கிடைக்கும்?

போடிநாயக்கனூர்ல விடிகாலையில ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா கேரளாவுல இருக்கிற பூப்பாறை, சாந்தம்பாறை ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போற குடும்பங்கள் நிறைய. 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டு எல்லையை அடைச்சதும் அந்தக் கூலி நின்னுபோச்சு. எல்லாருக்கும் சீக்கிரமா ஒரு டெஸ்ட் எடுத்துட்டா மலைக்கு அனுப்பிடலாமேன்னு தோணத்தானே செய்யும்?

அந்த ஏப்ரல்ல சீனாவிலிருந்து ரேபிட் கிட் வந்துச்சு. விரல்ல ஒரு சொட்டு ரத்தம், அரை மணி நேரத்துல முடிவு. தமிழ்நாட்டுக்கு முதல்ல வந்தது 24,000 கிட், ஒண்ணு 600 ரூபாய். ராஜஸ்தான்ல, ஏற்கெனவே தொற்று உறுதியானவங்ககிட்டயே அதைப் போட்டுப் பார்த்தாங்க. சரியாச் சொன்னது வெறும் 5.4 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 21ஆம் தேதி சோதனையை நிறுத்தச் சொல்லி, 27ஆம் தேதி கிட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிடுச்சு.

கிட் சரியில்லைங்கிறது ஒரு பக்கம். ரத்தத்துல நாம தேடுறது என்னங்கிறதுதான் இன்னொரு பக்கம். சீனாவுல 307 ரத்த மாதிரியில வைரஸையே நேரடியாத் தேடினப்போ மூணுலதான் கிடைச்சுது. அதனாலதான் மூக்கிலயும் தொண்டையிலயும் குச்சி விட்டு எடுக்குறாங்க. ரத்த டெஸ்ட் தேடுறது வைரஸை இல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியை. அது உருவாக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். நேத்து காய்ச்சல் வந்தவர் அடுத்தவருக்கு நோயைப் பரப்பிக்கிட்டே இருப்பார், கிட்ல நெகட்டிவ்னு வரும்!

சரி, ஒரு கிட் நல்லதான்னு எப்படிச் சோதிக்கிறாங்க? தொற்று உறுதியானவங்க ரத்தம் கொஞ்சம், கொரோனா வர்றதுக்கு முன்னாடியே சேமிச்சு வெச்ச ரத்தம் கொஞ்சம். முதல் வகையில எத்தனையைப் பிடிக்குது, ரெண்டாவதுல எத்தனையை வீணா 'பாசிட்டிவ்'ங்குது? ஏலக்காயைத் தரம் பிரிக்கிற எட்டு மில்லிமீட்டர் சல்லடையில பெரிய காய் கீழே நழுவவும் கூடாது, சின்னக் காய் மேலே தங்கவும் கூடாது இல்லையா, அதேதான். புனே வைராலஜி நிறுவனம் உருவாக்கின 'கோவிட் கவச்' எலைசா கிட் (இதுவும் ரத்தத்துல ஆன்டிபாடியைத் தேடுறதுதான்), நோய் வந்தவங்கள்ல சுமார் 92 சதவீதத்தையும், வராதவங்கள்ல சுமார் 98 சதவீதத்தையும் சரியாச் சொல்லுச்சு.

பிரமாதமான எண்ணுங்க. ஆனா ஒரு தோட்டத்துல ஆயிரம் பேர் இருக்காங்க, 20 பேருக்குத்தான் நோய் வந்துபோயிருக்குன்னு வெச்சுக்குங்க. அதுல 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேர்ல ரெண்டு சதவீதம், கிட்டத்தட்ட 20 பேரை, தப்பா பாசிட்டிவ்னு சொல்லும். பாசிட்டிவ்னு வந்ததுல பாதிக்கு மேல பொய்! அதே கிட், ஆயிரத்துல 300 பேருக்கு வந்துபோன ஊர்ல 276 பேரைச் சரியாப் பிடிக்கும், தப்பு 14தான். கிட் மாறல, ஊர்தான் மாறுச்சு.

அதனால இந்த டெஸ்ட்டை வெச்சு ஒரு ஆளை வேலைக்கு விடுறதோ தடுக்குறதோ அநியாயம். ஊரை அளக்க இது அருமையான கருவி. 2020 அக்டோபர், நவம்பர்ல தமிழக சுகாதாரத்துறை ரத்தம் எடுத்துப் பார்த்தப்போ மாநிலத்துல 31.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்துச்சு. நீலகிரியில 11 சதவீதம், பெரம்பலூர்ல 51.

கடைசியா ஒண்ணு, எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது. கிட்டை மதிப்பிடப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தவங்க ரத்தம்தான் கிடைக்கும். அவங்களுக்கு நோய் கடுமை, ஆன்டிபாடியும் அதிகம். லேசா இருமிட்டு மறுநாளே காய் பறிக்கப் போன அம்மாவுக்கு அது குறைவாத்தான் இருக்கும். அவங்களை மாதிரி ஆளுங்களோட ரத்தத்துலயும் சோதிச்சுப் பார்த்தாங்களான்னு, அடுத்த கிட் வர்றப்போ முதல்ல கேளுங்க.