காடும் குளமும் கிரவல் வழியும்

"வன்னியைப் பார்த்திருக்கிறீரா?" என்று யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரை வினவிப் பாருங்கள். "ஓம், கொழும்புக்குப் போகும்போது புகைவண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன்" என்பார். அவர் பார்த்தது சன்னலுக்கு வெளியே பச்சை நிறமாய் ஓடி மறைந்த ஒரு சுவர், அவ்வளவே. அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு நாடு இருக்கின்றது. காடு, குளம், வயல். மீண்டும் காடு, மீண்டும் குளம் என அது விரிந்து கிடக்கின்றது. இரணைமடு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டு என்னும் பெருங்குளங்களையும், பெயரளவில் மட்டும் ஊரார் அறிந்த எண்ணற்ற சிறு குளங்களையும் உடையது அந்நாடு.

அதனைக் காண்பதற்கு உகந்த வாகனம் யாது? நடந்து செல்வோமாயின் தூரமும் வெயிலும் நம்மை வாட்டும். மோட்டார் வண்டியிற் சென்றாலோ, பின்னால் எழும் செம்புழுதியன்றி வேறொன்றுங் காணோம். நம் வீட்டு விறாந்தையிற் சாத்திவைத்திருக்கும் துவிச்சக்கர வண்டியே அதற்குப் பொருத்தமானது.

சென்ற ஆண்டு, வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து சில நாட்களின் பின்னர், நானும் நண்பர் ஒருவரும் மாங்குளத்திலிருந்து சைக்கிளிற் புறப்பட்டோம். சூரியன் உதித்துச் சிறிது நேரமே ஆகியிருந்தது. ஒட்டுசுட்டான் வரையும் தார் வீதி. 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். அவ்வூரை அடுத்துள்ள கற்சிலைமடு, வரலாறு படிக்கும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய இடமாகும். 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி பண்டார வன்னியன் கப்பித்தான் ட்றிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டதைக் குறித்த நினைவுக் கல்லினாற் பெயர்பெற்றது அது. அங்கே சிறிது நேரம் நின்றபின், ஒட்டுசுட்டானிலிருந்து வடக்கே முத்தையன்கட்டை நோக்கித் திரும்பினோம். சற்றுத் தூரஞ் சென்றதும் தார் வீதியை விட்டிறங்கிக் கிரவல் வழியிற் புகுந்தோம்.

கல்லும் காற்றும்

கிரவல் என்பது இரும்புச் சத்து மிகுந்த செந்நிறச் சரளைக் கல். அதனைப் பரப்பி அழுத்தியமைத்த வழிகளே வன்னிக் கிராமங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. மேனாடுகளில் இன்று இத்தகைய வழிகளில் ஓடுவதற்கென்றே தனியாகச் சைக்கிள்கள் செய்கின்றனர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே, எம்போரியா என்னும் சிறு நகரில் 2006 ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் கிரவல் வழிப் போட்டிக்கு இப்போது உலகெங்குமிருந்து வீரர்கள் வருகின்றனர்.

அச்சைக்கிள்களின் இரகசியம் யாதெனில், அகன்ற ரயரும் குறைந்த காற்றுமேயாம். காற்றை இறுக அடைத்த ஒடுங்கிய ரயர் ஒரு கல்லின்மேல் ஏறும்போது, வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்தே மேலே தூக்கி எறிகின்றது. அகன்ற ரயரிற் காற்றுச் சற்றுக் குறைந்திருந்தால், அது கல்லைத் தன்னுள் வாங்கி அமுங்கி, மறுகணம் பழைய நிலையை அடைகின்றது. அதனால் ஓடுபவரின் வலிமை வீணாவதில்லை. 1888 ஆம் ஆண்டு டன்லொப் என்பார் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றபோது கண்ட உண்மையும் இதுவேயன்றோ?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டி வீதிகளில் ஓடும் சைக்கிள்களின் ரயர் 25 அல்லது 28 மில்லிமீற்றர் அகலமே உடையது. கிரவல் சைக்கிள்களுக்கோ ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் வேண்டும் என்கின்றனர். நம் பாட்டனார் ஓடிய பெரிய சைக்கிளின் ரயர் 1½ அங்குல அகலமானது; அதாவது 38 மில்லிமீற்றர். நமது கமக்காரர் கிரவல் சைக்கிளைத்தான் இத்தனை காலமும் ஓடிவந்தனர். அதற்கு அப்படியொரு பெயருண்டென்று மட்டும் அவர்கள் அறியவில்லை!

கால்கள் கற்ற பாடம்

இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நின்றன. பாலைப்பழக் காலமாகையால், மஞ்சட் பழங்கள் வழியெங்கும் சிந்திக் கிடந்தன. உதடு ஒட்ட ஒட்டச் சிலவற்றை உண்டோம். கரடிக்கும் அது விருப்பமான உணவு என்பது நினைவுக்கு வரவே, அவ்விடத்தில் அதிக நேரம் தாமதிக்கவில்லை.

வன்னி சமதரை என்று பாடநூலிற் படித்திருக்கிறோம். கண்ணுக்கும் அப்படியே தோன்றுகின்றது. ஆனால் கால்கள் அதனை ஒப்புக்கொள்வதில்லை. சில இடங்களில் மிதிப்பது காரணமின்றிக் கடினமாகின்றது. வேறு சில இடங்களில் வண்டி தானாகவே ஓடுகின்றது. கண் காணாத அந்தச் சிறு சரிவை அறிந்தே பண்டை மக்கள் குளங்களைக் கட்டினர். மேற்குளம் நிரம்பி வான் பாயும் நீர் கீழ்க்குளத்தை அடைகின்றது. அதன் மிகுதி அடுத்த குளத்தை நாடிச் செல்கின்றது. ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் மாரி மழையை, ஆண்டு முழுவதற்கும் பங்கிட்டு வைத்த பேரறிவு அது. அளவு கருவிகள் இல்லாத காலத்தில் அவர்கள் நிலத்தை நடந்து நடந்தே அறிந்தனர் போலும்.

அவ்வாறு ஏறியிறங்கிச் சென்று முத்தையன்கட்டுக் குளக்கட்டை அடைந்தோம். பேராற்றை மறித்த குளம் அது. நீர் வற்றிய அலைகரையில் எருமைகள் மேய்ந்தன. நாரைகளும் கூழைக்கடாக்களும் நீரோரத்தில் நின்றன. துருசின் வழியே வாய்க்காலில் நீர் சலசலத்தது.

பெரியவரின் கேள்வி

குளக்கட்டின் கீழே, மருதமர நிழலிற் பெரியவர் ஒருவர் தமது சைக்கிளைச் சாத்திவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு நெல் மூட்டை.

"தம்பியவை எந்த இடம்? என்ன அலுவலாய் வந்தனீங்கள்?" என்றார்.

சைக்கிள் ஓடிப் பார்க்கவே வந்தோம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"இந்தக் கிரவல் றோட்டிலை ஓடுறதுக்கோ? மாரியிலை வந்து பாருங்கோ தம்பி. சேறு சில்லிலை இறுகி உருளாது. பிள்ளையள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகுதுகள்."

அவ்வேளை வெள்ளைச் சீருடையணிந்த மாணவி ஒருத்தி, பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு, குழிகளை விலக்கி விலக்கி எம்மைக் கடந்து சென்றாள். தினந்தோறும் போகும் வழி. அவள் கண்கள் காட்டையோ குளத்தையோ நோக்கவில்லை.

பெரியவர் தமது வண்டியின் இருக்கையைத் தட்டினார். "எண்ணெய் வராத காலத்திலை எங்களுக்கு இதுதான் லொறி, இதுதான் அம்புலன்ஸ். காய்ச்சற்காரரையும் இதிலைதான் ஏத்தினம், விறகையும் இதிலைதான் கட்டினம்."

"அந்தக் காலத்துச் சைக்கிளா ஐயா இது?" என்றார் நண்பர்.

"இல்லைத் தம்பி. அதை 2009 இலை கடைசி மட்டும் உருட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வந்தம். இது திரும்பி வந்தாப் பிறகு வாங்கினது."

அதன்மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. மூட்டையைச் சரிசெய்து, வண்டியை உந்தி ஏறிச் சென்றார்.

திரும்பிய வழி

திரும்பும்போது கிரவல் வழி அதே வழிதான். காடும் அதே காடுதான். ஆயினும் ஒவ்வொரு குழியிலும் அம்மாணவியின் நினைவு எழுந்தது. இவ்வழி இப்படியே இருந்தால் அழகு என்று காலையில் எண்ணினேன். அது விருந்தாளியின் எண்ணம். அதில் நாள்தோறும் செல்வோர் தார் வீதி கேட்பாராயின் அதைத் தடுக்க நாம் யார்? நல்ல வீதி அமைந்தபின்னும் குளக்கட்டும் காட்டு வழியும் சைக்கிளோடுவோருக்கு எஞ்சியே இருக்கும்.

இளம் வாசகர்களே, விடுமுறையில் நீங்களும் சென்று பாருங்கள். சில எச்சரிக்கைகளை மட்டும் மறவாதீர்கள். மக்கள் வழக்கமாகச் செல்லும் பாதையைவிட்டு ஓரடியும் விலகலாகாது. நமது நாடு கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 ஆம் ஆண்டு சேர்ந்தது. அகற்றும் வேலை பெரும்பாலும் நிறைவேறியுள்ளபோதும், சிவப்புப் பலகைகள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. பொழுது சாயுமுன் ஊரை அடைந்துவிடுங்கள். மாலையில் யானைகள் நீர் தேடி வரும். தண்ணீரும், ஒட்டுத்துண்டும், காற்றடிக்கும் பம்பும் கையில் இருக்கட்டும். யாரையாவது வழி கேட்க நேர்ந்தால், இறங்கி நின்று கேளுங்கள். அவர்கள் வழியைமட்டும் சொல்வதில்லை.