நிலத்தோற்றக் கட்டடக்கலை ஆவணங்கள்

நிலத்தோற்றக் கட்டடக்கலை என்பது பூங்கா, கடற்கரை, பள்ளி, பல்கலைக்கழக வளாகம் போன்ற திறந்த வெளிகளைத் திட்டமிடும் துறையாகும். நிலத்தின் மேடு பள்ளம், மழைநீர் ஓடும் வழி, நடைபாதை, மரநடவு, நிழல், அமரும் இடம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இப்பணிகளின்போது உருவாகும் வரைபடங்கள், பட்டியல்கள், கடிதங்கள், ஒளிப்படங்கள் முதலியவை நிலத்தோற்றக் கட்டடக்கலை ஆவணங்கள் எனப்படுகின்றன.

ஒரு கட்டடம் கட்டி முடித்த நாளில் ஏறத்தாழ முழுமை பெற்றுவிடும். ஒரு தோட்டம் அப்படியன்று. நட்ட கன்று மரமாக முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் திட்டமிட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். அலுவலகம் இடம் மாறியிருக்கும். அந்த மரம் ஏன் அங்கே நிற்கிறது, அந்தப் பள்ளம் ஏன் தூர்க்கப்படாமல் விடப்பட்டது என்பதைச் சொல்ல ஆவணம் ஒன்றே மிஞ்சும்.

ஆவண வகைகள்

ஒரு பொதுவெளித் திட்டத்தில் பொதுவாகப் பின்வரும் ஆவணங்கள் உருவாகின்றன.

1. நில அளவை வரைபடம்: எல்லை, உயர அளவுகள், ஏற்கெனவே உள்ள மரங்கள், கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றைக் காட்டுவது.
2. தளத் திட்டம்: பாதை, மைதானம், கட்டடம் ஆகியவை அமையும் இடங்களைக் குறிப்பது.
3. மட்டத் திட்டம்: எங்கே மண்ணை வெட்டுவது, எங்கே நிரப்புவது, மழைநீர் எந்தப் பக்கம் வடிவது என்பதைச் சம உயரக் கோடுகளால் காட்டுவது.
4. நடவுத் திட்டமும் தாவரப் பட்டியலும்: எந்த மரம், எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்பதைக் கூறுவது.
5. முடிவு நிலை வரைபடம்: திட்டமிட்டதற்கும் உண்மையில் செய்து முடித்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவு செய்வது.
6. கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், ஒளிப்படங்கள், பராமரிப்புப் பதிவேடுகள்.

இவற்றில் ஐந்தாவது வகைதான் மிகவும் பயன் தருவது. நிலத்தடியில் குழாய் எங்கே போகிறது என்பது அதில்தான் இருக்கும். பல இடங்களில் காணாமற்போவதும் அதுவே.

பாகூர்ச் செப்பேடு

நிலத்தை எழுத்தில் பதியும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. பல்லவ, சோழர் காலத்தில் நிலக்கொடை அளிக்கும்போது நான்கு திசை எல்லைகளையும் விரிவாக எழுதினர். எல்லையில் கல் நட்டுக் கள்ளியும் நடுவது வழக்கம். ஆக, நடவும் நில ஆவணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

புதுச்சேரிப் பகுதியில் இதற்குச் சிறந்த சான்று பாகூர்ச் செப்பேடு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் வெளியிடப்பட்ட இச்செப்பேடு, பாகூரில் இருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டுள்ளது. கொடை நிலத்தின் எல்லைகளும் இதில் சொல்லப்பட்டுள்ளன. இது வடிவமைப்பு வரைபடமன்று. ஆயினும் ஒரு கல்விநிலையத்தின் நிலம் தொடர்பாக இப்பகுதியில் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று. பாகூரில் எழுந்த இந்த ஆவணம் இன்று பாரிசில் உள்ளது.

வீராம்பட்டினமும் அரிக்கமேடும்

வீராம்பட்டினத்தை அடுத்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் இங்கு அகழாய்வு செய்தனர். கசால் 1949இல் வெளியிட்ட பிரெஞ்சு நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது.

அகழாய்வில் வெளிப்பட்ட செங்கற் கட்டுமானங்களை இன்று அங்கு செல்பவர் நேரில் காண இயலாது. குழிகள் மூடப்பட்டுவிட்டன. மாந்தோப்பும் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மறைப்பணியாளர்களின் குருமடத்தோடு தொடர்புடைய சிதைந்த சுவர்களுமே கண்ணில் படும். மண்ணுக்குள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் சுவர் உள்ளது என்பதை அகழாய்வு வரைபடங்களே காட்டும். நாளை அங்கே ஒரு நடைபாதையோ வேலியோ அமைக்க வேண்டுமானால், அந்த வரைபடங்களைப் பார்க்காமல் ஒரு கம்பத்துக்குக்கூடக் குழி தோண்டக் கூடாது.

கடற்கரைக்கும் இது பொருந்தும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். சுவர்கள் அதை மறித்ததால் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போயிற்று என்பதைப் பழைய கரைக்கோட்டு வரைபடங்களையும் வான்படங்களையும் ஒப்பிட்டே அறிய முடியும்.

புதுச்சேரி நகரம்

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர் வகுத்தவை என்றே பலர் கருதுவர். 1693 முதல் 1699 வரை நகரம் டச்சுக்காரர் வசம் இருந்தது. அக்காலத்து டச்சு வரைபடங்களை ஆராய்ந்த ழான் டெலோஷ், கட்டம் கட்டமான தெருவமைப்பின் தொடக்கம் அவற்றில் உள்ளதை எடுத்துக்காட்டினார். பொதுக்கருத்து ஒன்றை வரைபடங்கள் திருத்தியதற்கு இது நல்ல சான்று.

1761இல் ஆங்கிலேயர் நகரையும் கோட்டையையும் இடித்தனர். கோட்டை நின்ற பகுதியில் பின்னாளில் இன்றைய பாரதி பூங்கா அமைந்தது. அதன் நடுவில் உள்ள ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகருக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே அதனோடு தொடர்புடையவர். அவர் 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

இக்காலத்து நிர்வாக ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஒரு பகுதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஒரு பகுதி இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்திலும் உள்ளன.

ஆரோவில்: திட்டமும் மரமும்

1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட ஆரோவில், இத்துறையில் கவனிக்க வேண்டிய எடுத்துக்காட்டு. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரோஜர் ஆஞ்சே இதற்கு விண்மீன் மண்டலம் போன்ற சுழல் வடிவத் திட்டத்தை வரைந்தார். நடுவில் மாத்ரிமந்திரும் அதன் தோட்டங்களும், சுற்றிலும் நகரப் பகுதியும், அதற்கு வெளியே பசுமை வளையமும் திட்டத்தில் உள்ளன. முழு வட்டத்தின் ஆரம் 2.5 கிலோமீட்டர்.

தொடக்கத்தில் அப்பகுதி மண்ணரிப்பால் பாழ்பட்ட செம்மண் மேடாக இருந்தது. குடியேறியவர்கள் வரப்பு கட்டி, மழைநீரைத் தேக்கி, மரங்களை நட்டனர். பல பத்தாண்டுகளில் காடு வளர்ந்தது. முழுமைத் திட்டம் 2010இல் அரசிதழில் வெளியானது. 2021 டிசம்பரில் திட்டத்திலுள்ள வட்டச் சாலைக்காக மரங்கள் அகற்றப்பட்டபோது கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒப்புதல் பெற்ற திட்டத்தை நிறைவேற்ற வேண்டும் என்றனர் ஒரு சாரார். இப்போதுள்ள மரங்களையும் நீர்வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் சில கட்டுப்பாடுகளை விதித்தது; உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த ஆணையை நீக்கியது.

தீர்ப்பு எதுவாயினும், ஆவணங்களைப் பற்றிய பாடம் தெளிவானது. திட்ட வரைபடம் என்ன வரவேண்டும் என்பதைக் கூறும். நிலத்தில் உண்மையில் என்ன வந்தது என்பதைக் கூற அளவையும் மரக்கணக்கும் வேண்டும். இரண்டையும் அவ்வப்போது ஒப்பிட்டு வந்தால்தான் பிணக்கு குறையும்.

பிற நாடுகள்

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவரான பிரடெரிக் லா ஓம்ஸ்டெட், இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவரும் அவர் புதல்வர்களும் நடத்திய நிறுவனம் பூங்காக்களோடு பல்கலைக்கழக வளாகங்களையும் திட்டமிட்டது. ஏறத்தாழ 6000 பணிகள் தொடர்பான சுமார் 10 லட்சம் ஆவணங்கள், மாசசூசெட்சு மாநிலம் புரூக்லைனில் அவர் வாழ்ந்த இல்லத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய பூங்காக்களைச் சீரமைக்க இவை பயன்படுகின்றன.

இலங்கையில் ஜெப்ரி பாவா வடிவமைத்த மாத்தறை ருகுணைப் பல்கலைக்கழக வளாகம், குன்றுகளைச் சமப்படுத்தாமல் அவற்றின் சரிவுக்கேற்பக் கட்டடங்களை அமைத்தது. அவரது வரைபடங்களை ஜெப்ரி பாவா அறக்கட்டளை பேணிவருகிறது.

பாதுகாப்பு

கடலோர ஊர்களில் ஈரக்காற்று, கரையான், இராமபாணப் பூச்சி மூன்றும் தாளின் பகைவர்கள். பழைய நீலப்படி வரைபடங்கள் வெளிச்சத்தில் மங்கும். காரத்தன்மையுள்ள தாளோடு சேர்த்து வைத்தாலும் நிறம் இழக்கும். வரைபடங்களை மடிக்காமல் தட்டையாக வைப்பதே நல்லது. மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும். கணினிக் கோப்புகளும் நிலையானவையல்ல. மென்பொருள் மாறினால் அவை திறக்காமற் போகலாம். எனவே பரவலான வடிவத்தில் ஒரு நகலும், தாளில் ஒரு நகலும் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

ஊரளவில் செய்யக்கூடியவை

பெரிய காப்பகம் இல்லாவிட்டாலும் ஒரு பள்ளியோ கொம்யூன் பஞ்சாயத்தோ ஓர் எளிய கோப்பைத் தொடங்கலாம். அதில் இருக்க வேண்டியவை:

• எல்லையைக் காட்டும் புல வரைபடத்தின் நகல்
• மழைநீர் வரும் வழியும் வெளியேறும் வழியும் குறித்த ஒரு கைப்படம்
• மரங்களின் பட்டியல்: பெயர், இடம், நட்ட ஆண்டு, தண்டின் சுற்றளவு
• புதைத்த குழாய், மின்கம்பி ஆகியவை செல்லும் தடம்
• ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எடுத்த ஒளிப்படம்

ஒவ்வொரு தாளிலும் நாள், வடதிசைக் குறி, அளவுகோல், வரைந்தவர் பெயர் ஆகிய நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். இவை இல்லாத வரைபடம் சில ஆண்டுகளில் பொருள் விளங்காத கோடுகளாகிவிடும். மாணவர்களைக் கொண்டு மரங்களின் சுற்றளவை அளக்கச் செய்தால், அது கணக்குப் பாடமாகவும் அமையும். வளாகத்தின் ஆவணமாகவும் நிலைக்கும்.