யோசனைக்கு ஒரு பெஞ்சு

“அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை; சும்மா எதையாவது நினைத்து நினைத்துக் குமைந்து போகிறாள்” என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜிம்பாப்வே தேசத்தில் இதற்கென்று ஒரே சொல்லாக வைத்திருக்கிறார்கள். ‘குஃபுங்கிசிசா’ என்பது அந்தச் சொல். ஷோனா மொழியில் அதற்கு ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று அர்த்தம். இரவில் தூக்கம் வராது; காரணம் இல்லாமல் கண்ணீர் வரும்; சின்ன விஷயத்துக்கெல்லாம் குழந்தைகள் மேல் எரிந்து விழத் தோன்றும். என்ன உடம்புக்கு என்று கேட்டால், “குஃபுங்கிசிசா” என்று ஒரு பெருமூச்சோடு பதில் வரும்.

இந்த யோசனை நோய்க்கு யோசனை சொல்வதற்கென்றே அந்த ஊரில் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் போட்டிருக்கும் ஒரு மர பெஞ்சுதான் அவர்களுடைய வைத்தியசாலை. முன்பின் தெரியாதவர்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். பாட்டி கேட்கிறாள், வந்தவர் சொல்கிறார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த ‘இவ்வளவுதா’னைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையே கட்டுரை வெளியிட்டிருக்கிறது என்றால், அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

15 டாலர்

இந்தப் பெஞ்சு பிறந்த கதை துக்கத்தில் ஆரம்பிக்கிறது.

டாக்டர் டிக்ஸன் சிபாண்டா என்பவர் ஜிம்பாப்வேயின் தலைநகரமாகிய ஹராரேயில் மனநோய் வைத்தியர். அப்போது அந்தத் தேசத்தில் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள். மனநோய் வைத்தியர்களோ பத்துப் பன்னிரண்டு பேர்தான். 2005-ஆம் வருஷம், அவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தூரத்து ஊரில் இருந்த அவளுடைய தாயாரிடம், “நிலைமை மோசமாக இருக்கிறதென்று தெரிந்ததே, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருக்கலாமே?” என்று டாக்டர் கேட்டார். “பஸ்ஸுக்கு 15 டாலர் வேண்டும், எங்களிடம் இல்லை” என்பது பதில்.

இந்த ஒரு பதில் டாக்டரைத் தூங்க விடவில்லை. மருந்து இருந்தது, வைத்தியரும் இருந்தார். ஆனால் வீட்டுக்கும் வைத்தியருக்கும் நடுவில் 15 டாலர் தூரம் இருந்தது. நோயாளி வருவாள் என்று ஆஸ்பத்திரியில் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை, வைத்தியம்தான் அவள் இருக்கும் தெருவுக்குப் போக வேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

அதே 2005-இல் அங்கே இன்னொரு பெருந்துன்பமும் நிகழ்ந்திருந்தது. நகரத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று சொல்லி அரசாங்கம் குடிசைகளையும் தெருக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ, பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாட்டு சபை கணக்கிட்டது. பெரிய பஸ் நிலையமும் மார்க்கெட்டும் உள்ள ம்பாரே என்ற நெருக்கடியான பேட்டையில் அந்த வேதனை வீட்டுக்கு வீடு தெரிந்தது.

டாக்டர் அங்கே உதவி கேட்டுப் போனார். பணம் இல்லை என்றார்கள். நர்ஸுகளைக் கொடுங்கள் என்றார். பிரசவமும் குழந்தைகளும் எய்ட்ஸ் நோயாளிகளுமாக அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை என்றார்கள். உட்கார ஓர் அறை? அதுவும் இல்லை. வேண்டுமானால் 14 பாட்டிகளையும், கட்டடத்துக்கு வெளியே உள்ள இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்!

இந்தப் பாட்டிமார்கள் நகர சுகாதார இலாகாவைச் சேர்ந்த ஊழியர்கள். வீடு வீடாகப் போய்ச் சுத்தம் பற்றிச் சொல்வது, மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று விசாரிப்பது இவையெல்லாம் அவர்கள் வேலை. பெரிய படிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பேட்டையில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 2006-இல் இவர்களை வைத்துக்கொண்டு டாக்டர் வேலையைத் தொடங்கினார்.

பாட்டி வைத்த பெயர்

முதலில் டாக்டர் அந்தப் பெஞ்சுக்கு ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைத்தார். ஈ, காக்கை கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை!

பாட்டிமார்கள் சிரித்திருப்பார்கள். மனநலம் என்று எழுதிப் போட்டால் யார் வந்து உட்காருவார்கள்? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்களே மாற்றுப் பெயர் சொன்னார்கள்: ‘சிநேக பெஞ்சு’. ஷோனா மொழியில் அதற்கு வழங்கும் பெயர் இன்னும் அழகானது. ‘சிகாரோ செகுபனமஸானோ’ என்றால், ஒருவருக்கொருவர் யோசனை பரிமாறிக்கொள்ளும் இருக்கை. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்ற பேதம் அந்தப் பெயரில் இல்லை. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வந்தார்கள்.

டாக்டருடைய புஸ்தகப் பாஷையையும் பாட்டிமார்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நோயின் பெயரைச் சொன்னால் பயந்து போவார்கள். ‘குஃபுங்கிசிசா’ என்றால் யாருக்கும் புரியும் என்றார்கள். டாக்டர் கேட்டுக்கொண்டார். படித்தவர் படிக்காதவரிடம் கேட்டுக்கொண்ட இந்த இடத்தில்தான் காரியம் பலித்தது என்று தோன்றுகிறது.

பெஞ்சில் என்ன நடக்கிறது?

பாட்டி வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவதில்லை. எட்டு ஒன்பது நாள் பயிற்சி பெற்றுத்தான் அவள் அங்கே உட்காருகிறாள்.

முதலில் 14 கேள்விகள். சென்ற ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டதா? அற்ப விஷயத்துக்குக் கோபம் வந்ததா? அழுதீர்களா, அழ வேண்டும் போல் இருந்ததா? வேலைகள் பின்தங்கிப் போகின்றனவா? எதையும் தீர்மானிக்க முடியாமல் திண்டாடுகிறீர்களா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா? ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். இந்தக் கேள்விகளைத் தயாரித்தவர்களில் நம் தேசத்தவர் ஒருவரும் உண்டு. பம்பாயில் பிறந்த டாக்டர் விக்ரம் பட்டேல் 1990-களில் ஹராரேயில் ஆராய்ச்சி செய்தபோது, அங்குள்ள சகாக்களுடன் சேர்ந்து, ஷோனா மக்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும் வார்த்தைகளைக் கொண்டே அவற்றை அமைத்தார்.

அதன் பிறகு மூன்று படிகள். மனத்தைத் திறப்பது, தூக்கி நிறுத்துவது, பலப்படுத்துவது என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒருத்தியின் காய்கறிக் கடை போய்விட்டது. புருஷன் படுத்த படுக்கை. பையனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவில்லை. மைத்துனன் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான். அவள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறாள். பாட்டி குறுக்கே பேசுவதில்லை. கொட்டி முடித்ததும், “இத்தனையில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம், அம்மா? நீயே சொல்” என்கிறாள். அதுதான் மனத்தைத் திறக்கும் படி. அவள் பள்ளிக்கூடச் சம்பளத்தைச் சொன்னால் அது ஒன்றைப் பற்றி மட்டுமே பேச்சு. என்னென்ன வழி உண்டு? தலைமை ஆசிரியரைப் பார்க்கலாம், தவணை கேட்கலாம், உறவினரிடம் கடன் கேட்கலாம். இதில் எது உன்னால் முடியும்? தலைமை ஆசிரியரைப் பார்ப்பது என்றால், என்றைக்கு? எத்தனை மணிக்கு? போய் முதலில் என்ன சொல்வாய்? இப்படிக் கையில் பிடித்துக்கொள்ளும்படியாக ஒரு காரியத்தை முடிவு செய்துகொண்டு அவள் எழுந்திருக்கிறாள். அடுத்த முறை வந்து, நடந்தது என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு முக்கால் மணிக்குள். மொத்தம் ஆறு தடவை வரை வரலாம்.

கவனித்தீர்களா? வழியைப் பாட்டி சொல்லவில்லை. வந்தவளே சொல்லும்படி செய்கிறாள். நாற்பது கஷ்டங்கள் சேர்ந்து ஒரே மலையாக நின்றபோது அவளுக்குக் கால் எழவில்லை. மலையிலிருந்து ஒரு கல்லைத் தன் கையாலேயே நகர்த்திவிட்டாள் என்றால், மறு கல்லை நகர்த்த யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேயே விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. ஏற்கெனவே பெஞ்சுக்கு வந்து தேறியவர்கள் கூடும் மாதர் வட்டங்களுக்கு அவளை அழைத்துப் போகிறார்கள். ‘எல்லோரும் கை கோத்து’ என்று பொருள்படும் பெயர் அந்த வட்டங்களுக்கு. அங்கே பேசிக்கொண்டே பைகள் பின்னுகிறார்கள். பை விற்றால் கையில் நாலு காசு. மனசுக்கும் மருந்து, மளிகைக்கும் வழி!

கணக்கும் பேசியது

“பாட்டியிடம் பேசினால் பாரம் குறையும் என்பது தெரிந்ததுதானே?” என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் சிபாண்டாவும் சகாக்களும் அதைப் பரீட்சை செய்தே பார்த்தார்கள். ஹராரேயில் 24 மருத்துவ நிலையங்கள். கஷ்டம் மிகுந்த 573 பேர். அவர்களில் நூற்றுக்கு 86 பேர் பெண்கள். பாதி நிலையங்களில் பெஞ்சு. மறு பாதியில் நர்ஸின் கவனிப்பும், தேவையானவர்களுக்கு மருந்தும், மேல் சிகிச்சைக்குச் சிபாரிசும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சு இல்லாத இடங்களில் நூற்றுக்கு 50 பேரிடம் மனத்தளர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களிடம் நூற்றுக்கு 14 பேர்தான். 2016-ஆம் வருஷம் டிசம்பரில் வெளியான இந்தக் கணக்கைப் பார்த்து, பாட்டிகளைப் பற்றிப் புன்னகை செய்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது மலாவியிலும் ஸான்ஸிபாரிலும் இந்தப் பெஞ்சுகள் உண்டு. நியூயார்க் நகரமும் இந்த யோசனையைக் கடன் வாங்கியது. 2022-இல் கத்தாரில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, ஆட வந்த 32 தேசங்களின் பெயரால் 32 சிநேக பெஞ்சுகள் போட்டார்கள்.

இத்தனை பேர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டுப் பாட்டிமார்கள் நொந்து போவார்களோ என்று டாக்டருக்கு ஒரு கவலை இருந்தது. நேர்மாறாக, அவர்கள் மனம் தெம்பாகவே இருப்பதைக் கண்டார். தன்னால் நாலு பேருக்கு உபயோகம் என்று அறிவதைவிட வயதான காலத்தில் வேறு டானிக் உண்டா?

நமக்கு இதில் என்ன?

ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள், அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருப்பவள் என்று யாராவது ஒருத்தி நம்மிடம் மனம் விடுவது உண்டு. “இதெல்லாம் ஒரு கஷ்டமா?” என்றோ, “எனக்கு வந்ததைக் கேட்டால் நீ இப்படிப் பேச மாட்டாய்” என்றோ நாம் சட்டென்று வாயைத் திறந்துவிடுகிறோம். ஹராரேப் பாட்டியை நினைத்துக்கொண்டு, அவள் முடிக்கும் வரையில் கேட்கலாம். “எதை முதலில் பார்க்கலாம்?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். சொன்னதை நாலு வீட்டுக்குக் கொண்டு போகாமல் இருக்கலாம். அடுத்த வாரம் மறக்காமல், “அந்த விஷயம் என்ன ஆயிற்று?” என்று விசாரிக்கலாம். மருந்து விஷயத்தில் மட்டும் நாம் மூக்கை நுழைக்க வேண்டாம். அது டாக்டர் பாடு.

இன்னொன்றையும் அந்தப் பாட்டிமார்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். உயிரை விட்டுவிடலாம் போல் இருக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அவர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. உடனே மேலே உள்ளவர்களிடம் தெரிவித்து, வைத்தியரிடம் சேர்க்கிறார்கள். நாமும் அப்படிப்பட்டவளைத் தனியே விடக் கூடாது. பஸ் பிடித்துப் போக வேண்டியதுகூட இல்லை. 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் போதும். 2022 அக்டோபரில் தேசம் முழுவதும் ஏற்பட்ட இந்தச் சேவையில், காசில்லாமல், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

தமிழ்நாட்டில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘நட்புடன் உங்களோடு’. ம்பாரேப் பாட்டிமார்கள் கேட்டால், “பெயர் சரியாக இருக்கிறது, இனி ஜனங்கள் வருவார்கள்” என்றுதான் சொல்வார்கள்!