உரியோரைத் தேடுதல்: குச்சவெளிக் காணிகளும் வழிமுறை ஆய்வும்

மேலை நாடுகள் சிலவற்றில் வழிமுறை ஆய்வு ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. வாரிசு இன்னாரெனத் தெரியாத நிலையில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு உரியோரைப் பதிவேடுகளின் துணையால் கண்டறிந்து, அச்சொத்தில் ஒரு பங்கை ஊதியமாகப் பெறுவோர் பிரான்சிலும் இங்கிலாந்திலும் உளர். இலங்கையிலோ இப்பணியை நொத்தாரிசும் சட்டத்தரணியும் கிராம உத்தியோகத்தரும் ஊர் முதியோருமே பகிர்ந்து செய்து வருகின்றனர். திருகோணமலைக்கு வடக்கே கடலோரமாக அமைந்த குச்சவெளிப் பிரதேசத்தை முன்னிறுத்தி, இப்பணியின் இயல்பையும் இன்றைய தேவையையும் இங்கு நோக்குவோம்.

நிலவுரிமையை எழுத்தில் பொறிக்கும் மரபு இப்பகுதிக்குப் புதியதன்று. திருக்கோணேச்சரத்துக்கு 250 வேலி நிலம் நிவந்தமாக வழங்கப்பட்டமையை, சோழர் காலத்ததாகக் கருதப்படும் நிலாவெளிச் சாசனம் கூறுகின்றது. கல்லில் எழுதியது எஞ்சியது. தாளில் எழுதியது எஞ்சவில்லை. 1980களின் நடுப்பகுதி முதல் போரினால் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். சிலர் கடல் கடந்து தமிழகம் சென்றனர். எஞ்சிய பெட்டகங்களை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டு சென்றது. ஆகவே இங்கு ‘உரியோர் அற்ற காணி’ எனப்படுவதில் பெரும்பகுதி, உரியோர் இருந்தும் உறுதி இல்லாத காணியே ஆகும்.

உரியோரைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் பெயராகும். மேலை நாட்டு ஆய்வாளருக்குக் குடும்பப்பெயர் வழிகாட்டும். நம்மிடையே தந்தை பெயரே மகனுக்கு முன்னெழுத்தாவதால், தலைமுறைதோறும் அது மாறிவிடுகின்றது. மேலும், கிழக்குக் கரையில் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக அளிப்பது தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பரவலான வழக்கு. பெயர் தந்தைவழி செல்ல, மனை தாய்வழி செல்கின்றது. எனவே பெயரை மட்டும் பின்பற்றுவோர் காணியைத் தவறவிடுவர். காணிப் பெயர், நான்கெல்லை, பட்டப்பெயர், திருமணம் நிகழ்ந்த ஊர் ஆகியவற்றை ஒருங்கே வினவுதல் வேண்டும்.

ஆவணங்களுள் காணிப் பதிவகத்தின் ஏடுகள் முதன்மையானவை. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகள் இருவருடன் எழுதப்படல் வேண்டும். ஆதலால் வீட்டிலிருந்த உறுதி அழிந்தாலும் பதிவகத்தில் அதன் தடம் கிடைத்தல் கூடும். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளும், வாக்காளர் இடாப்புகளும், பள்ளிவாசல், தேவாலய ஏடுகளும் துணைபுரிவன. முதியோர் நினைவு இவற்றை இணைக்கும் கயிறு. எனினும் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டே ஏற்றல் தகும்.

வழிமுறை தெளிவுற்றபின் பங்கு எழுகின்றது. மனைவியும் இரு புதல்வரும் ஒரு புதல்வியும் எஞ்ச ஒருவர் விருப்புறுதி இன்றி இறந்தார் எனக் கொள்வோம். 1876-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவராயின், மனைவிக்குப் பாதியும் மக்கள் ஒவ்வொருவருக்கும் ஆறிலொன்றும் சேரும். முஸ்லிமாயின், 1931-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவர் சார்ந்த மத்ஹபின் விதியைப் பின்பற்றச் செய்யும். சொத்தை நாற்பது கூறாக்கினால் மனைவிக்கு 5, புதல்வர் ஒவ்வொருவருக்கும் 14, புதல்விக்கு 7 கூறுகள் ஆகும். ஒருவர் விடுபடினும் கணக்கு முழுவதும் பிழைபடும்.

இறப்புக்குச் சான்றில்லாதவிடத்து இக்கணக்கைத் தொடங்கவே இயலாது. ஒரே அலையில் கணவனும் மனைவியும் மாண்டால், முன்னர் மாண்டவர் யார் என்பதைப் பொறுத்து வாரிசுகள் மாறக்கூடும். போரிற் காணாமற்போனோரின் இறப்பைப் பதிய 2010-ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம் வழிவகுத்தது. ஆயின் இறந்தார் என ஒப்ப மனமில்லாத மனைவியர் பலர். அவர்களுக்கென 2016-இல் ‘காணவில்லை’ என்னும் சான்றிதழ் ஏற்பட்டது. ஒரு காணிக் கோவையின் பின்னே எத்துணைத் துயரம் உறைகின்றது என்பதை ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

காலமும் உரியோருக்கு எதிராக இயங்குகின்றது. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறர் பத்தாண்டு தடையின்றி எதிருரிமையாக ஆண்டால் காணி அவருடையதாகலாம். உடன்பங்காளியின் ஆட்சி மட்டும் அவ்வாறு எளிதில் எதிருரிமையாகாது என்பதைக் கோரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் 1911-இல் பிரிவி கவுன்சில் நிலைநாட்டியது. ஆதலால் ‘இவர் உடன்பங்காளி’ எனக் காட்டும் வமிசவழிப் படமே வழக்கின் வெற்றியைத் தீர்மானிக்கலாம். போரால் நீதிமன்றம் நாட இயலாதோருக்கு 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் சலுகை அளித்தது. அச்சலுகைக்கு வகுத்த ஈராண்டுக் காலம் கழிந்துவிட்டது. சான்று திரட்ட ஆளில்லாத ஏழைக்கு அத்தவணை போதியதன்று.

அரசு அனுமதிப்பத்திரக் காணிகளின் நிலை வேறு. 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் உரிமைவழி அட்டவணை, புதல்வியரை விடுத்துப் புதல்வரை முற்படுத்தியது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேற்றுமையைக் களைந்தது. தாய்வழி மனை செல்லும் ஒரு சமூகத்தின்மீது ஆண்வழி விதி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமத்தப்பட்டிருந்தமை சிந்தனைக்குரியது.

சொத்தில் பங்கு பெறும் மேலை நாட்டு முறை, மீனவரின் சிறு வளவுக்குப் பொருந்தாது. இங்கு இப்பணி பொதுத்தொண்டாதல் வேண்டும். ஊர்தோறும் வமிசவழிகளை, உரியோரின் இசைவுடன், முதியோர் மறையுமுன் தொகுத்தல் பல்கலைக்கழக மாணவரால் ஆகக்கூடியதே. பிரதேச மொழியையும் உறவுமுறையையும் அறிந்த தமிழ் மாணவருக்கு இதனினும் பயனுடைய கள ஆய்வு வேறில்லை எனலாம். நினைவு அழிந்தபின், உரியோர் உயிரோடிருந்தும் காணி உரியோர் அற்றதாகிவிடும்.