உருகிய பித்தளையைத் தாங்கும் வண்டல்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில், கல் கருடனுக்குப் பெயர்பெற்ற நாச்சியார்கோயிலில், வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். ஆளுயர விளக்கானாலும் அதை ஒரே வார்ப்பாக எடுப்பதில்லை. அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று துண்டு துண்டாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிச் சேர்ப்பார்கள். அந்தத் துண்டுகள் பிறப்பது ஈர மண்ணுக்குள். விளக்கைப் புகழ ஊரெல்லாம் ஆள் உண்டு. அதைச் சுமந்து பெறும் காவிரி வண்டலையும் ஒருமுறை வாயாரப் புகழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வெளிர்பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும்போது அது வெறும் மண்தான். அதன் பூர்வீகம் தெரிந்தால் கைகூப்பத் தோன்றும். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேர்கிறது. அது அரித்துவரும் பாறைகளில் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவையும் உண்டு. அந்தப் பாறைக்குள் குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும் இறுகப் பிணைந்திருக்கின்றன. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைத்துக்கொண்டு வரும் மெல்லிய அமிலம், ஃபெல்ஸ்பாரை யுகயுகமாய் இளக்கிக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் அதற்கெல்லாம் மசிவதில்லை. பிடிப்பு விட்டதும் மணியாக உதிர்கிறது. ஆறு இரண்டையும் வாரிக்கொண்டு வருகிறது. பருமணலை வழியிலேயே இறக்கிவிட்டு, நுண்மணலையும் களியையும் சமவெளியில், வெள்ளத்தின் வேகம் அடங்கும் இடத்தில் படிய விடுகிறது. ஒரே பாறையாக இருந்து பிரிந்தவை, இத்தனை தூரம் வந்து மறுபடி சேர்ந்து படுத்திருப்பதுதான் வண்டல்.

வார்ப்பு அச்சுக்கு வேண்டியவையும் இந்த இரண்டும்தான்: தீயில் இளகாத மணி, மணியை மணியோடு கட்டும் பசை. குவார்ட்ஸ் உருக 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பித்தளையை ஊற்றுவது 1,000 டிகிரியை ஒட்டி. ஆகவே மணல் அசைந்து கொடுக்காது. களிமண்ணோ, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தகடுகளால் ஆனது. கொஞ்சம் தண்ணீர் பட்டதும் அந்தத் தகடுகள் மணிகளின்மேல் பூசிக்கொண்டு, ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. கோயம்புத்தூரின் பெரிய வார்ப்பாலைகளில் சுத்தமான மணலை ஒரு பக்கமும், பென்டோனைட் என்ற களிமண்ணை மறுபக்கமும் விலைகொடுத்து வாங்கி, எடைபோட்டு, இயந்திரத்தில் அரைத்துச் சேர்க்கிறார்கள். நாச்சியார்கோயிலுக்கு அந்தக் கலவையை ஆறே கலந்து கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறது. அளந்து கொடுத்த கை எது என்று வியப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மண்ணின் பதத்தை விரல்கள்தான் சொல்ல வேண்டும். ஈரப்படுத்திச் சலித்த வண்டலை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிக்கிறார் விளக்கு வார்க்கும் பத்தர். கையை விரித்தால் உருண்டையின்மேல் விரல் ரேகைகூடப் பதிந்திருக்க வேண்டும். அதை நடுவில் உடைத்தால் ஓரம் உதிராமல் இரண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் மிகுதி. பதம் சரியாக வந்த மண்ணைப் இரண்டு பாதிகளாகத் திறக்கும் பெட்டிக்குள், வார்க்க வேண்டிய துண்டின் வடிவில் செதுக்கிய மாதிரியைச் சுற்றி இடித்து நிரப்புகிறார்கள். பெட்டியின் இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் நைசான பொடி தூவியிருக்கும். மேல்பாதியைத் தூக்கி, மாதிரியை மெல்லத் தட்டி எடுத்தால், அன்னத்தின் இறகுக் கோடுகள் அத்தனையும் மண்ணில் குழிவாய் நிற்கின்றன. பெட்டியை மூடிவிட்டால் அச்சு தயார்.

இனி நடப்பது நியாயப்படி நடக்கவே கூடாது. ஈரமான மண்ணுக்குள் ஆயிரம் டிகிரி நெருப்புக் குழம்பை ஊற்றப் போகிறார்கள். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லையென்றால் குழம்பு சீறி ஆள்மேல் தெறிக்கும். குவார்ட்ஸும் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று பருக்கும். இந்த இரண்டு ஆபத்துக்கும் வண்டல் தன்னிடமே விடை வைத்திருக்கிறது. மணிகளுக்கு நடுவே இருக்கும் இண்டு இடுக்குகள் வழியாக ஆவி வெளியேறுகிறது; அதே இடைவெளி, பருக்கும் மணிக்கு நகர்ந்துகொள்ள இடமும் தருகிறது. அளவுக்கு மீறி இடித்தால் இந்த மூச்சு அடைபட்டு வார்ப்பில் துளை விழும். இடிப்பது போதாவிட்டால் சுவர் சரியும்.

ஆவி நுழையும் இடுக்கில் உருகிய பித்தளை மட்டும் நுழையாமல் நிற்கிறதே, அது எப்படி? என்னை மிகவும் மலைக்க வைப்பது இதுதான். உருகிய செம்புக்கும் பித்தளைக்கும் மேற்பரப்பு இழுவிசை தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அவை குவார்ட்ஸை நனைப்பதும் இல்லை. தாமரை இலையில் உருளும் நீர்த்துளி போல, குழம்பு தன் தோலை இழுத்துக்கட்டிக்கொண்டு மணிகளின்மேல் தங்கிவிடுகிறது. அதனால்தான் பெட்டியை உடைக்கும்போது மண் தனியே உதிர்கிறது, அன்னம் தனியே கிடைக்கிறது. உலோகத்துக்கும் மணலுக்கும் இடையே இப்படியொரு விலக்கத்தை வைக்காமல் இருந்திருந்தால், மனிதன் மண்ணில் ஒரு மணியையோ விளக்கையோ வார்த்திருக்க முடியாது.

ஊற்றும் நேரத்தையும் உலோகமே சொல்லும். பித்தளையில் கலந்த துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும் பொருள். உலோகத்தை உருக்கும் மூசையில் வெப்பம் ஏற ஏற அது பச்சையும் வெள்ளையுமாகச் சுடர்விட்டு, வெண்புகையாய்ப் பறக்கும். பழகிய கண் அந்தச் சுடரைப் பார்த்தே மூசையை இறக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். வீட்டுப் பட்டறையில் இதைச் செய்ய விரும்புபவர்கள் காற்றோட்டமான இடத்தில்தான் உலை வைக்க வேண்டும்.

ஆறியபின் வார்ப்பு மாதிரியைவிட நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு மாதிரியை முன்பே அந்த அளவுக்குப் பெரிதாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். உலோகத்தை ஒட்டி நின்ற மண் மட்டும் சுட்டுக் கறுத்துப் பசை இழந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மற்ற மண்ணில் தண்ணீர் தெளித்துச் சலித்தால் மறுபடி பதத்துக்கு வந்துவிடும். நேற்று அன்னத்தைப் பெற்ற மண் இன்று தட்டைப் பெறும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமையில் கைவினைஞரின் பங்கு பெரிது. ஆற்றின் பங்கும் குறைந்ததல்ல. உங்கள் வீட்டில் மண்ணில் வார்த்த விளக்கு இருந்தால், அடிப்பாகத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கடைசல் உளி படாத அந்த இடத்தில் பித்தளை சொரசொரப்பாக இருக்கும். அது வண்டல் மணிகள் பதித்த தடம். வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.